நல்ல நாளில் யார் ஆஸ்பத்திரிக்கு வருவார்?

சங்கரேஸ்வரி ஆறு வருஷமாகப் பச்சையாக இருந்தாள்.

நலப்பதிவில் பச்சை. 2038இல் மனநல சிகிச்சையில் இருந்த எல்லோருக்கும் அப்படி ஒரு நிறம் உண்டு. கையில் கட்டிய பட்டை தூக்கத்தை எண்ணும், நடையை எண்ணும், ஒரு நாளில் எவ்வளவு நேரம் பேசினோம் என்பதையும் எண்ணும். என்ன பேசினோம் என்பது அதற்கு வேண்டாம். அன்றைய மாத்திரையைப் பிரித்தால் அந்தத் தகவலும் போய்ச் சேரும். இதையெல்லாம் அந்த ஆளின் பழைய பதிவுகளோடு வைத்துப் பார்த்து நலப்பதிவு ஒரு நிறம் சொல்லும். நன்றாக இருந்தால் பச்சை. கொஞ்சம் கவனிக்க வேண்டுமென்றால் மஞ்சள். நோய் திரும்பி வருகிறது என்றால் சிவப்பு. சிவப்பு விழுந்த நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் மையத்திலிருந்து ஒருவர் நேரில் போய்ப் பார்த்தாக வேண்டும்.

சங்கரிக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. அவளுக்கு முப்பத்தி நாலு வயது. கோவில்பட்டியில் பெண்பிள்ளைகளுக்கு ஹாக்கி கோச். இருபத்திரண்டு வயதில் அவளுக்கு பைபோலார் என்று கண்டுபிடித்தார்கள். சில மாதங்கள் உலகத்தையே தூக்கிச் சுமக்கும் உற்சாகம், சில மாதங்கள் எழுந்து பல் தேய்க்கக்கூட முடியாத சோர்வு. அந்தக் காலத்தில் பதிவு என்றால் நாற்பது பக்க நோட்டு ஒன்று. அது மழையில் நனையும், பஸ்ஸில் மறந்து போகும். ஒவ்வொரு புது டாக்டரிடமும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒரு மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்துப் போனது. சீட்டு தொலைந்ததால் அதே மாத்திரையை மூன்று ஊரில் மூன்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். நலப்பதிவு வந்த பிறகு அது நடக்கவில்லை. "இப்போ என் கதைய நான் சொல்ல வேண்டியதில்ல. அதுவே சொல்லிக்கிது" என்பாள்.

அந்தக் கதையைக் கணினிக்குள் ஏற்றியவர் ஜெபசீலி சிஸ்டர். தெற்குத் தெரு மனநல மையத்தில் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ், நாசரேத்துக்காரர். நலப்பதிவு வந்த புதிதில் மூவாயிரத்துச் சொச்சம் பேரின் பழைய ஃபைல்களை அவர்தான் தூசி தட்டி உட்கார்ந்து ஏற்றினார். கோழி கிண்டியது மாதிரி எழுதும் டாக்டர்களின் கையெழுத்தைப் படிக்க அவரை விட்டால் ஆள் கிடையாது. மற்ற நர்ஸ்கள் புது மெஷினைத் திட்டியபோதெல்லாம் அதற்காகச் சண்டை போட்டவரும் அவரே.

அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் சங்கரியின் பெயர் சிவப்பாக மின்னியதும் அவர் யோசிக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டார்.

மைதானத்தில் சங்கரி கத்திக்கொண்டிருந்தாள். "ஏட்டி, பந்தைப் பாரு! என் மூஞ்சில என்ன இருக்கு?" பதினாறு பிள்ளைகளும் சிரித்தார்கள். இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, பதினேழு வயதுக்குட்பட்டோர் மாநிலப் போட்டியில் அரையிறுதியை அவர்கள் ஜெயித்திருந்தார்கள். சனிக்கிழமை மதுரையில் இறுதிப் போட்டி. தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்காரர்களின் பிள்ளைகளும் கூலிக்காரர்களின் பிள்ளைகளும் இருந்த அந்த டீம் இவ்வளவு தூரம் வந்தது அதுதான் முதல் தடவை.

ஜெபசீலியைக் கண்டதும் சங்கரி ஓடி வந்து கட்டிப் பிடித்துக்கொண்டாள். "சிஸ்டர்! பாத்தீங்களா, மூணுக்கு ஒண்ணு! டிவில காட்டுனாங்க. எங்க பவதாரணி அடிச்ச ரெண்டாவது கோலு இருக்கே..."

"சங்கரி, கொஞ்சம் உக்காரு."

சிஸ்டரின் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. "என்ன நிறம்?"

"சிவப்பு."

சங்கரி மைதானத்தின் ஓரத்துச் சிமெண்டுப் படியில் உட்கார்ந்தாள். ஜெபசீலி கையிலிருந்த திரையைக் காட்டினார். இரண்டு நாளாகத் தூக்கம் நாலு மணி நேரம்தான். பேச்சு வழக்கத்தைவிட மூன்று மடங்கு. நடை இரண்டு மடங்கு. கீழே ஒரு வரி: ஆறு வருஷத்துக்கு முந்தைய நோய்க்காலத்தோடு தொண்ணூற்றொரு சதவீதம் ஒத்துப் போகிறது.

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடுறேன் சிஸ்டர்."

"தெரியும். பதிவுல இருக்கு."

"அப்போ சனிக்கிழமை?"

ஜெபசீலி திரையை அணைத்தார். விதி இருவருக்குமே தெரியும். பிள்ளைகளைப் பொறுப்பில் வைத்திருப்பவர்களுக்குச் சிவப்பு விழுந்து, டாக்டரும் அதை உறுதி செய்துவிட்டால் பதினாலு நாள் வேலையிலிருந்து விலகியிருக்க வேண்டும். அது சட்டம். மருந்தின் அளவையும் கூட்டுவார்கள்.

"நான் சந்தோஷமா இருக்கேன் சிஸ்டர். அவ்வளவுதான்" என்றாள் சங்கரி. பிறகு அவளே சொன்னாள்: "ஆனா அப்பவும் இப்படித்தான் இருந்துச்சு."

அப்பொழுது என்பது ஆறு வருஷத்துக்கு முன்னால். அன்றும் முதலில் சந்தோஷம்தான் வந்தது. மூன்று நாள் தூங்காமல், கிளப்பின் இருபத்திரண்டு ஹாக்கி மட்டைகளையும் ஒரு சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு, வழியில் பார்த்த பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தபடி திருநெல்வேலி ரோட்டில் நடந்தாள். கயத்தாறு பக்கத்தில் மயங்கி விழுந்தவளை ஒரு லாரிக்காரர் தூக்கி வந்து சேர்த்தார். அந்த மட்டைகளில் ஒன்பதுதான் திரும்பக் கிடைத்தன.

"எனக்கே தெரியல சிஸ்டர். இந்தச் சந்தோஷம் என்னோடதா, அந்த நோயோடதா? மத்தவங்களுக்கு ஒரு நல்லது நடந்தா சும்மா சிரிக்கலாம். நான் சிரிச்சா எனக்கே பயமா இருக்கு."

வியாழக்கிழமை காலை டாக்டரைப் பார்ப்பது என்று முடிவானது. ஜெபசீலி மையத்துக்குத் திரும்பினார். வழி நெடுக அந்தக் கேள்வி கூடவே வந்தது. இந்தச் சந்தோஷம் யாருடையது?

அன்று மதியம் வேலை குறைவு. ஒரு யோசனையில் அவர் கடந்த ஒரு வருஷத்தில் மையத்தில் விழுந்த சிவப்புகளை மட்டும் பிரித்துப் பார்த்தார். இருநூற்றுப் பதினாலு. அதில் பாதிக்கு மேற்பட்டவர்களை அவரே நேரில் போய்ப் பார்த்திருந்தார். தேதிகளைப் பார்த்ததும் ஒவ்வொரு வீடும் ஞாபகம் வந்தது. இந்த வீட்டில் வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. இந்தப் பெண்ணுக்கு அன்றுதான் அரசு வேலை ஆர்டர் வந்திருந்தது. இவர் கழுகுமலைத் தேரோட்டத்தில் வடம் பிடித்துவிட்டு வந்திருந்தார். இந்த அம்மாவுக்குப் பேத்தி பிறந்திருந்தாள்.

தான் போகாத வீடுகளுக்கு மற்ற நர்ஸ்களைக் கேட்டபடி எண்ணிக்கொண்டே போனார். நூற்று முப்பத்தியொரு சிவப்புகள் ஏதோ ஒரு நல்ல காரியத்துக்கு முன்னோ பின்னோ ஒரு வாரத்துக்குள் விழுந்திருந்தன. அந்த நூற்று முப்பத்தியொன்றில் தொண்ணூறு பேருக்கு மருந்து கூட்டப்பட்டிருந்தது.

அதில் ஒரு பெயர் தவசிலிங்கம்.

தவசிலிங்கத்துக்கு எட்டயபுரம் ரோட்டில் சைக்கிள் கடை. போன தை மாதம் மகள் கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் அவருக்குச் சிவப்பு விழுந்தது. ஜெபசீலிதான் போய்ப் பார்த்தார். தூங்காமல் பந்தலுக்கும் சமையல்காரருக்கும் அலைந்துகொண்டிருந்த மனிதரைப் பார்த்து, "மருந்தைக் கொஞ்சம் கூட்டிக்கிட்டா நல்லது" என்று டாக்டருக்கு எழுதியவரும் ஜெபசீலிதான்.

புதன்கிழமை டியூட்டி முடிந்ததும் நேராக அந்தச் சைக்கிள் கடைக்குப் போனார். விஷயத்தைச் சொல்லி, "நான் தப்பு பண்ணிட்டேன் அண்ணாச்சி. மன்னிச்சிருங்க" என்றார்.

தவசிலிங்கம் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பஞ்சர் பார்த்துக்கொண்டே சிரித்தார். "விடுங்க சிஸ்டர். தாலி கட்டுறப்போ தூங்கிட்டேன். அதான் வீடியோ எடுத்திருக்காங்களே, போட்டுப் பாப்போம்னு பாத்தேன். அதுலயும் நான் தூங்கிக்கிட்டுத்தான் இருக்கேன்."

சொல்லிவிட்டு அவரே உரக்கச் சிரித்தார். ஜெபசீலியும் சிரித்தார். ஸ்கூட்டரை எடுத்துத் தெரு முனை திரும்பிய பிறகுதான் அழுதார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் டாக்டர் நூர்தீனின் அறைக்குப் போய் அந்தப் பட்டியலை மேஜையில் வைத்தார். நூர்தீன் மேலப்பாளையத்துக்காரர். ஒல்லியான, அவசரப்படாத மனிதர். இரண்டு தடவை முழுசாகப் படித்தார்.

"சிஸ்டம் தப்பு பண்ணுதா சார்?"

"தப்பு பண்ணல சிஸ்டர். நாம குடுத்ததை வச்சுத்தானே அது படிக்கும்? சங்கரியோட பதிவை எடுங்க. பன்னெண்டு வருஷம். முடியாம வந்து படுத்த நாள் எல்லாம் இருக்கு. சரியாகி மாசாமாசம் மாத்திரை வாங்க வந்த நாள் எல்லாம் இருக்கு. சந்தோஷமா இருந்த நாள் ஒண்ணாவது இருக்கா?"

"அன்னைக்கு அவ எதுக்கு சார் இங்க வரப்போறா? நல்ல நாளில யாராவது ஆஸ்பத்திரிக்கு வருவாங்களா?"

"அதான். பட்டை கட்டுன பிறகும் அது வெறும் எண்ணிக்கைதான். இன்னைக்கு இந்தப் பொண்ணு ஜெயிச்சா, இன்னைக்கு இவருக்குப் பேத்தி பிறந்தான்னு அதுக்கு யாரும் சொன்னதில்ல. அதுக்குத் தெரிஞ்சது ரெண்டே வகை ஆளு. சும்மா இருக்கிறவன், நோய் வந்தவன். சிரிக்கிறவன்னு மூணாவதா ஒரு ஆளு உண்டுன்னு அதுக்குத் தெரியாது."

"அப்போ சங்கரியைப் போக விடலாமா?"

நூர்தீன் பட்டியலை மறுபடி கையில் எடுத்தார். "உங்க பட்டியல்ல மீதி எண்பத்திமூணு பேரு இருக்காங்களே சிஸ்டர், அவங்களுக்கு நிஜமாவே நோய் திரும்பிச்சு. சிவப்பு விழுந்ததாலதான் காப்பாத்துனோம். சங்கரி எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியல. சிவப்பை மீறி நான் கையெழுத்துப் போட்டு, சனிக்கிழமை மதுரையில பதினாறு பிள்ளைங்களை விட்டுட்டு அவ எங்கயாவது நடந்து போயிட்டான்னா? அவளுக்கும் ஆபத்து, பிள்ளைங்களுக்கும் ஆபத்து."

பத்து மணிக்குச் சங்கரி வந்தாள். டாக்டர் பட்டியலைப் பற்றி மறைக்காமல் சொன்னார். பிறகு கேட்டார். "உன்னை உன்னைவிட யாருக்கும் தெரியாது. நோய் வர்றப்போ உனக்குள்ள என்ன மாறும்? தூக்கம், பேச்செல்லாம் விடு. அது மெஷினுக்கே தெரியும்."

சங்கரி நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "அடுத்தவங்க பேசுறது காதுல விழாது சார். யார் வாயைத் திறந்தாலும் அதுக்குள்ள எனக்குப் பத்து யோசனை வந்துரும். எங்கம்மா அழுதுக்கிட்டே ஏதோ சொன்னாங்க அப்போ. என்ன சொன்னாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

"சரி. இப்போ காது கேக்குதான்னு பாப்போம். சிஸ்டர், நீங்க ஏதாவது பேசுங்க. சுவாரஸ்யமா இருக்கக் கூடாது. நல்லா இழுத்துப் பேசணும். ஏதாவது அலுப்பான கதை இருக்கா?"

"இருக்கு சார்" என்றார் ஜெபசீலி. "எங்க மாமியாருக்கு ரேஷன் கார்டுல பேரு மாத்துன கதை."

முப்பத்தைந்து நிமிஷம் பேசினார். ஞானசுந்தரி என்ற பெயரை ஞானசுந்தர் என்று அடித்துவிட்டார்கள் என்று தொடங்கி, தாலுகா ஆபீசில் டோக்கன், அங்கிருந்து இ-சேவை மையம், அங்கே கைரேகை விழவில்லை, பழைய கார்டு, புதுக் கார்டு, ஆதாரில் பிறந்த வருஷம் வேறு, ஞானஸ்நானச் சான்றிதழ் வாங்கச் சர்ச்சுக்குப் போனால் அங்கே எழுதுகிறவர் லீவு. டாக்டருக்கு இரண்டு தடவை கண் சொருகியது. சங்கரியின் கால் ஆடியது, நின்றது, மறுபடி ஆடியது. ஒரு தடவை அவள் வாயைத் திறந்தாள். பிறகு தானாகவே மூடிக்கொண்டாள்.

கதை முடிந்தது. சங்கரி நிமிர்ந்தாள். "சிஸ்டர், ஒரு சந்தேகம். ரெண்டாவது தடவை போனப்போ பிறந்த வருஷத்தைத்தானே திருத்துனாங்க? அப்போ கார்டுல உங்க மாமியார் இன்னும் ஆம்பளையாவா இருக்காங்க?"

ஜெபசீலி திகைத்துப் போனார். கணக்குப் போட்டுப் பார்த்தார். "ஆமா!" என்றார். "அடப்பாவமே, ஆமா சங்கரி!"

நூர்தீன் சிரித்த சிரிப்பில் அடுத்த அறைக்காரர் எட்டிப் பார்த்தார். சங்கரிக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். "கேட்டுச்சு சார். எல்லாமே கேட்டுச்சு."

டாக்டர் சிவப்பை மீறிக் கையெழுத்துப் போட்டார். காரணம் எழுத வேண்டிய இடத்தில், "நோயாளி நன்றாகக் கேட்கிறார்" என்று எழுதினார். இரண்டு நிபந்தனை வைத்தார். வெள்ளிக்கிழமைக்குள் ஒரே ராத்திரியில் ஆறு மணி நேரமாவது தூங்க வேண்டும். ஜெபசீலி டீமோடு மதுரைக்குப் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை எழுந்தபோது சங்கரி ஆறே கால் மணி நேரம் தூங்கியிருந்தாள். சனிக்கிழமை மதுரையில் அவர்கள் தோற்றார்கள். இரண்டுக்கு இரண்டு என்று போய், பெனால்டியில் ஒரே ஒரு கோல் வித்தியாசம். கடைசிப் பந்தைத் தவறவிட்ட பவதாரணி எழுந்திருக்காமல் புல்லிலேயே கிடந்தாள். சங்கரி ஓடிப் போய் அவள் பக்கத்தில் தானும் படுத்துக்கொண்டாள். அந்தப் பிள்ளை விக்கி விக்கி எதையோ சொன்னது. சங்கரி இடையில் ஒரு வார்த்தை பேசாமல் கடைசி வரை கேட்டாள். ஜெபசீலி அதைக் கேலரியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் திருமங்கலத்தில் பதினாறு பேரும் அழுதுகொண்டே புரோட்டா தின்றார்கள்.

திங்கட்கிழமை சங்கரி மையத்துக்கு வந்தாள். பத்து மணி நேரம் தூங்கி எழுந்த முகம். ஜெபசீலி திரையைத் திருப்பிக் காட்டினார். பச்சை.

"இது என்ன சிஸ்டர் அநியாயம்? ஜெயிச்சா சிவப்பு, தோத்தாப் பச்சையா?"

அந்தக் கேள்வியை அப்படியே தலைப்பாகப் போட்டு, பட்டியலையும் சேர்த்து டாக்டர் நூர்தீன் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். பதில் வர ஏழு மாதம் ஆனது. நடுவில் இரண்டு கூட்டம், ஒரு விளக்கக் கடிதம், ஒரு எச்சரிக்கை. கடைசியில் ஒரு நாள் காலையில் நலப்பதிவைத் திறந்தால் உள்ளே புதிதாக ஒரு பெட்டி இருந்தது. மேலே "நல்ல நாள்" என்று இரண்டே சொல். தனக்கு நடந்த நல்லதை நோயாளி தானே எழுதலாம், இல்லை சொல்லலாம். அதற்குப் பிறகு எப்படித் தூங்கினோம், எப்போது அடங்கினோம் என்பதைப் பட்டை சேர்த்துக்கொள்ளும். ஒவ்வொருவரின் சந்தோஷமும் எப்படி ஏறும், எப்படி இறங்கும் என்று நலப்பதிவு மெல்ல மெல்லப் படித்துக்கொள்ளும்.

எழுதத் தெரியாதவர்களுக்காகப் புதன்கிழமை மதியத்தை ஒதுக்கினார்கள். முதல் வாரம் நாலு பேர் வந்தார்கள். இரண்டாம் மாதம் வரிசை வாசலைத் தாண்டியது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான். பிளஸ் டூ பாஸ். வீட்டுக்குள் வந்த பாம்பு தானாகவே போய்விட்டது. ஒருவர் இருபது வருஷமாகப் பேசாமலிருந்த தம்பி பேசிவிட்டான் என்று சொல்ல அந்தத் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தார். சும்மா வருவதில்லை, கடலை மிட்டாயோடு வருவார்கள். வரிசையில் நிற்கும்போதே ஒருவர் கதையை ஒருவர் கேட்டுச் சிரிப்பார்கள். ஒரு வருஷத்தில் பொய்ச் சிவப்பு கால்வாசியாகக் குறைந்தது. நிஜச் சிவப்பு முன்னைவிடச் சீக்கிரமே தெரிந்தது.

அடுத்த தை மாதம் இன்னொரு உத்தரவு வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, நோய் இல்லாதவர்களின் நல்ல நாட்களும் வேண்டுமாம். முதலில் மையங்களின் ஊழியர்களே பட்டை கட்டிக்கொண்டு, மாதத்துக்கு ஒரு நல்ல நாளாவது பதிய வேண்டும்.

நூர்தீன் பத்து நிமிஷத்தில் மூன்று பதிந்துவிட்டார். வாட்ச்மேன் ஒன்பது பதிந்தார். ஜெபசீலி பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

போன மாதத்தை யோசித்தார். டியூட்டி. மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது. டியூட்டி. மகன் பெங்களூரிலிருந்து வரவில்லை என்று போன் பண்ணினான். டியூட்டி. அடுத்தவர்களுக்காக அவர் பதிந்த நல்ல நாட்கள் மட்டும் நானூறைத் தாண்டியிருந்தன. தனக்கென்று எழுத ஒரு வரி வரவில்லை. "ஒன்றுமில்லை" என்று எழுதினார். பெட்டி அதை ஏற்றுக்கொண்டது. இரண்டாம் மாதமும் அப்படியே எழுதினார். எட்டு வாரமாகத் திரையில் அவருடைய கோடு ஏறாமல் இறங்காமல் தரை மாதிரி நேராகப் போனது. நிறம் பச்சை.

மருந்து வாங்க வந்த சங்கரி, மேஜையில் திறந்து கிடந்த திரையை எதேச்சையாகப் பார்த்துவிட்டாள்.

"சிஸ்டர், இதுக்குப் பேரு பச்சையா?"

"எனக்கென்ன சங்கரி, நல்லாத்தான் இருக்கேன்."

சங்கரி வாதாடவில்லை. "நாளைக்குச் சாயங்காலம் நாலரைக்கு மைதானத்துக்கு வந்துருங்க. எங்க கோல்கீப்பருக்குக் கை சுளுக்கு. சும்மா நிக்க ஒரு ஆளு வேணும்."

"எனக்கு நாப்பத்தொம்பது வயசு!"

"கோல் போஸ்ட்டுக்கு அதைவிட ஜாஸ்தி வயசு சிஸ்டர். அது நிக்கலையா?"

திட்டிக்கொண்டேதான் போனார். சுடிதாருக்கு மேல் இரண்டு காலிலும் பெரிய பேடு, நெஞ்சுக்கு ஒரு கவசம், தலையில் ஹெல்மெட். கண்ணாடியில் பார்த்திருந்தால் வீட்டுக்கே திரும்பிப் போயிருப்பார். முதல் ஆறு பந்தும் அவரைத் தாண்டி வலைக்குப் போயின. பிள்ளைகள் ஆறு தடவையும் கை தட்டினார்கள். ஏழாவதாகப் பவதாரணி ஓடி வந்து அடித்தாள். ஜெபசீலி கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டினார். டொப்பென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் பந்து வலைக்கு வெளியே உருண்டுகொண்டிருந்தது.

பதினாறு பிள்ளைகளும் அவர் மேல் விழுந்தார்கள்.

அன்று வீட்டுக்குப் போய் அதைக் கணவரிடம் மூன்று தடவை சொன்னார். நாசரேத்திலிருக்கும் அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னார். மகனுக்குப் போன் போட்டு நடித்தே காட்டினார். மறுநாளும் நாலரைக்குப் போனார். அதற்கு மறுநாளும்.

நாலாம் நாள் சாயங்காலம் மைதானத்தில் அவர் பேடு கட்டிக்கொண்டிருந்தபோது, வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு டாக்டர் நூர்தீன் நடந்து வந்தார். கையில் திரை இருந்தது.

"என்ன சார், இங்கே?"

"சட்டம் சிஸ்டர். நாப்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ள நேர்ல வந்து பாக்கணும்." திரையைத் திருப்பிக் காட்டினார். ஜெபசீலியின் பெயர் சிவப்பாக மின்னியது. "என்ன நடந்துச்சு? பெட்டியில ஒண்ணுமே எழுதலையே."

"எங்க சார் நேரம்" என்றார் ஜெபசீலி. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கோலை நோக்கி ஓடினார். பாதி தூரம் போனவர் திரும்பிப் பார்த்துக் கத்தினார்: "நீங்களே எழுதிருங்க சார்! மூணு நாளில பதினொரு கோல் தடுத்திருக்கேன்!"